காத்திருக்கும் வலிமை

விலையை அறிந்தவன் விடுதலை பெற்றவனா? வன்னியின் வயல்வெளிகளில் இன்று எழுந்துள்ள அறக்கேள்வி இது.

வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வணிகக் கல்விக்கென அங்கே ஒரு பீடமே உண்டு. முயற்சியாண்மை, வழங்கற் சங்கிலி, டிஜிட்டல் மயமாக்கம் ஆகியவை நம் மாணவர் நாவிற் பழகிய சொற்களாகிவிட்டன. இது வரவேற்கத்தக்கதே. நம் உழவரின் வாழ்வு ஆராய்ச்சிக்குரிய பொருளாவது நன்று. ஆயினும், ஆராய்ச்சியின் தகுதி அது எழுப்பும் கேள்வியிலேயே தங்கியிருக்கிறது.

1997 ஜனவரி 14ஆம் நாள், கேரளத்து வடகரையில் 11 மீனவர் வாங்குவாரின்றித் தம் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றனர். அதே வேளையில், 15 கிலோமீற்றர் எல்லைக்குள் இருந்த வேறு துறைகளில் 27 பேர் மீன் கிடையாது திரும்ப இருந்தனர். ரொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு தரும் செய்தி இது. கைத்தொலைபேசி பரவியபின் மீன் வீணாவது ஏறக்குறைய ஒழிந்தது. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலையும் 4 சதவீதம் தாழ்ந்தது. இதனை யார் மறுப்பர்?

ஆனால், மகாராட்டிரத்தில் 100 கிராமங்களின் உழவரிடையே ஃபாஃப்ஷாம், மின்டன் என்போர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்று கூறுகிறது. சந்தை விலை குறுஞ்செய்தியாகக் கைக்கு வந்தும், உழவர் பெற்ற சராசரி விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? காரணங்கள் பல இருக்கலாம். நாம் சிந்திக்கவேண்டியது ஒன்று: வடகரை மீனவன் படகை வேறு துறைக்குத் திருப்ப முடிந்தது. செய்தி அவன் செவியில் விழுந்தபோது, செயல் அவன் கையில் இருந்தது.

வன்னி உழவனின் நிலையை நோக்குவோம். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் காலபோக நெல் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுகிறது. அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வெட்டித் தள்ளுகிறது. நெல்லோ ஈரமாகவே மூடையிற் புகுகிறது. 2025இல் அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்றது. ஆனால் ஈரப்பதன் 14 சதவீதத்தை மிஞ்சலாகாது. உலர்த்தத் தளமில்லாதவன், வைக்கக் களஞ்சியமில்லாதவன், உரக்கடனும் உழவுகூலியும் தீர்க்கவேண்டியவன் என்ன செய்வான்? வரம்போரம் நிற்கும் வியாபாரியின் லொறியில் ஏற்றுவான். கொழும்பு விலையும் தம்புள்ளை விலையும் அவன் சட்டைப்பையிலுள்ள திறன்பேசியில் ஒளிர்ந்துகொண்டுதானிருக்கும். முன்பு அறியாமல் இழந்தான்; இன்று அறிந்தே இழக்கிறான்!

ஒருவன் தன் விருப்பப்படி விற்றான் என்று எப்போது சொல்லலாம்? விற்காமலிருக்கவும் அவனால் இயன்றபோது மட்டுமே. மறுக்கும் வலிமையற்றவனின் சம்மதம் சம்மதமாகாது. முதலாளிக்கும் தொழிலாளி தேவையே. ஆயினும் நெடுநாள் காத்திருக்க வல்லவன் முதலாளிதான் என்பதை, சந்தையைப் போற்றிய ஆடம் சிமித்தே 1776இல் எடுத்துக்காட்டினார். அந்த உண்மை வயலுக்கும் பொருந்தும்.

போருக்குப்பின் 'முயற்சியாளர்' என்று அழைக்கப்பட்ட நம் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். நுண்கடன் அவர்களுக்குக் கோழி தந்தது, தையல் இயந்திரம் தந்தது. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் தவணையையும் தந்தது. தவணை நாள் காத்திராது. ஆகவே முட்டையும் காத்திராது. 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களை அரசே தள்ளுபடி செய்ய முன்வர நேர்ந்தது. துணிவு அவர்களுக்குக் குறைவன்று, அவகாசமே குறைவு.

வியாபாரியைத் தூற்றி நாம் மனநிறைவு கொள்வதிற் பயனில்லை. வங்கி வராத வயலுக்கு முன்பணத்தோடு வருபவன் அவனே. பழி தனிமனிதனைச் சார்ந்ததன்று; ஒருவனுக்குக் காலத்தையும் மற்றவனுக்கு அவசரத்தையும் பங்கிட்ட அமைப்பைச் சார்ந்தது.

காலத்தைத் தனித்தனியே வாங்க இயலாதோர் கூடி வாங்கலாம். 1957இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது தோன்றிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெல் சந்தைப்படுத்தல் சபையும் இந்த எண்ணத்தின் பிள்ளைகளே. அவற்றின் குறைகள் பல, எண்ணம் பிழையன்று. ஊருக்கொரு உலர்தளம், உழவர் பொறுப்பில் ஒரு களஞ்சியம், அங்கு வைத்த நெல்லை ஈடாக ஏற்கும் நியாயவட்டிக் கடன்—இம்மூன்றும் அமைந்த இடத்திலேதான் கைத்தொலைபேசி உழவனின் கருவியாகும்.

ஆகவே, வினாக்கொத்தோடு ஊருக்குள் வரும் நம் மாணவர்க்கு ஒன்று சொல்வோம்: "உங்களிடம் திறன்பேசி உண்டா?" என்று கேளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். "விலை பிடிக்காவிட்டால் உங்கள் நெல்லை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?" என்றும் கேளுங்கள். அந்த நாட்களின் எண்ணிக்கையே உழவனுடைய சுதந்திரத்தின் அளவாகும்.