நிலைத்த ஊதியமும் சூதின் வேட்கையும்

மைசூரில் வாழும் இளம் உபாசகர் ஒருவர் அண்மையில் எம்மை வினவினார்: “பங்குகளை வாங்கி விற்பது நல்வாழ்க்கைக்கு ஒவ்வுமா? ஒவ்வுமெனின், மெல்ல வளரும் பங்கைப் பொறுமையுடன் வைத்திருப்பவனும், ஒரே நாளில் பொருளைப் பன்மடங்காக்க விழைபவனும் ஒருதன்மையரா?”

பகவர் இல்லறத்தார்க்கு விலக்கிய வாணிகங்கள் ஐந்து: படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு. பங்கு வாணிகம் இவற்றுள் ஒன்றன்று. ஆயினும் சிகாலன் என்னும் இளைஞனுக்கு அறமுரைத்தபோது, செல்வம் அழியும் ஆறு வாயில்களுள் சூதினையும் அவர் வைத்தார். வருவாயில் ஒரு கூற்றைத் துய்க்கவும், இரு கூறுகளைத் தொழிலில் இடவும், நான்காம் கூற்றை இடர்க்காலத்திற்குச் சேமிக்கவும் பணித்தார். பாதியைத் தொழிலில் இடச் சொன்னவர் துணிவை வெறுத்தவர் அல்லர். அனைத்தையும் இடுவதையே விலக்கினார் என்பது தெளிவு.

“துணியாதவன் வெல்வதில்லை” என்பார் பழைய மைசூர் அரசின் கோலாரைச் சான்று காட்டுவர். 1880-இல் இலண்டனில் தொடங்கிய மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி, சில ஆண்டுகளில் முதலை ஏறக்குறைய இழந்தது; எஞ்சிய பணத்தைக் கொண்டு தோண்டியபோதே பொன்ரேகை அகப்பட்டது. மெய்யே. ஆனால் அதே ஆண்டுகளில் வயநாட்டுப் பொன்னை நம்பி ஏறத்தாழ 40 லட்சம் பவுன் முதலுக்குக் கம்பெனிகள் எழுந்தன. அவை பொன் காணாமல் வீழ்ந்தன. வேட்கை இரண்டிடத்தும் ஒன்றே, வேறுபட்டது மண். வென்றவனை மட்டும் எண்ணுவோன் கணக்கில் பாதியை மறைப்பவனாவான்.

இன்னொன்றும் எண்ணற்பாலது. இலண்டனில் பங்குதாரர் பணயம் வைத்தது பணம். கோலாரின் ஆழத்தில் நம் தமிழ்த் தொழிலாளர் வைத்தது உயிரும் நுரையீரலும். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கக் கிளைகளை வளர்த்தவர் அம்மக்களே. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபோது வாழ்விழந்தவரும் அவர்களே. ஆதலின், எவ்வளவு கிட்டும் என்பதன்று முதற்கேள்வி; யாருடைய சோறு பணயமாகிறது என்பதே முதற்கேள்வி.

முன்பேரப் பங்கு வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்களுள் 100-க்கு 93 பேர் இழந்தனர் எனச் செபி வாரியம் 2024-இல் அறிவித்தது. அவ்விழப்பு பெரும்பாலும் அவர்தம் மனைவி மக்களின் சேமிப்பன்றோ?

எனினும், பொறுமை காப்பவன் என்பதால் மட்டும் ஒருவன் அறவோன் ஆகான். மெல்ல வளரும் பங்கை வைத்துக்கொண்டு காலைதோறும் விலையேற்றத்திற்கு ஏங்குபவனும் தாகத்திற்கு அடிமையே.

அன்பருக்கு எம் விடை இது: தாம் அறிந்த தொழிலில், பிறர் சோற்றில் கைவையாது, இழப்பினும் உறக்கம் கெடாத அளவே இடுக. அவ்வளவைக் கடக்கும் நாளில் வாணிகம் சூதாகிறது.