முடிவு வரும் வரையில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைப் பற்றி நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. வெட்கமாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் இது முதல் மூன்றுக்குள் நிற்கிறது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்து, டாக்டருக்குச் சந்தேகம் தோன்றினால், ஊசியால் பத்துப் பன்னிரண்டு சதைத் துணுக்குகள் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அளவு கூடினாலே புற்று என்று பொருளல்ல. வயதினால் சுரப்பி பெருத்தாலும் கூடும், கிருமி புகுந்தாலும் கூடும்.

இந்த இரண்டு வாரத்தைப் பற்றியே சொல்ல வந்தேன். கணவனுக்குக் கல்லாவும் சரக்கும் வாடிக்கைக்காரரும் உண்டு. பொழுது போய்விடும். மனைவிக்கு என்ன உண்டு? சிலர் அவளிடம் சொல்வதே இல்லை. இராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே கடை நடத்துபவர்களோ, கேட்கவே வேண்டாம். போனில் “சுகம்தான்” என்பதோடு சரி. பயந்துவிடுவாளாம்! கூடவே இருப்பவளாயின், இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறீர் என்று டாக்டருக்கு முன்பே எண்ணி வைத்தவள் அவள்தானே.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். நீரற்ற மக்கா பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு இப்ராஹீம் நபி (அலை) திரும்பி நடந்தார்கள். அம்மையார் பின்னாலேயே வந்து பல தடவை கேட்டும் பதிலில்லை. கடைசியில், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்ற பதில் வந்தது. அப்படியாயின் அவன் நம்மைக் கைவிடமாட்டான் என்று திரும்பிச் சென்றார்கள். பயானில் ஸஃபா மர்வா ஓட்டத்தை விரித்துச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியையும் பதிலையும் விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ இதுவே பெரிதாகப் படுகிறது. விஷயம் இன்னதென்று தெரிந்த பிறகே அம்மையாரின் மனம் நிலைத்தது. ஏழு தடவை ஓடும் பலமும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சொன்னால் அழுவாள். அழட்டும். அழுதால் ஸபூர் போய்விடும் என்று அதட்டாதீர்கள். யஅகூப் நபி (அலை) துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் மட்டும் வருந்தினார்கள். முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். அதே சமயம் யூசுபைத் தேடிப் போங்கள் என்று பிள்ளைகளை அனுப்பவும் செய்தார்கள்.

சதை சீசாவில் போய்விட்டது, உள்ளது உள்ளதுதான், இனி துஆ எதற்கு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். நாம் கேட்பது ஷிஃபாவை. சோதிப்பவர் கண் தவறாதிருப்பதை. எந்தச் செய்தி வந்தாலும் தாங்கும் நெஞ்சை. இவை இன்னும் நடந்து முடியாதவை அல்லவா?

இன்னொன்று. யார் யாரிடம் வரவு, யாருக்குப் பற்று, எவரிடம் அமானிதம் என்பதெல்லாம் நம் தலைக்குள்ளேயே கிடக்கிறது. கொடுக்கல் வாங்கல் உள்ளவன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரவுகளைக் கழிக்கலாகாதென்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முடிவு நல்லதாக வந்தாலும் எழுதிய ஏடு வீணாகாது. அவளை உட்காரவைத்துக் காட்டுங்கள்.

ஊசி போட்ட பிறகு சில நாள் சிறுநீரில் இரத்தம் தென்படும்; மிரளவேண்டாம். காய்ச்சல் கண்டால் மட்டும், இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நீர் ஓயாமல் கசிந்தால் தொழுகையை விட்டுவிடாதீர்கள். அதற்கென ஒளுவின் சட்டம் உண்டு, இமாமிடம் தனியே கேளுங்கள்.

முடிவு சொல்லும் நாளில் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு இருவருமாகப் போங்கள். புற்று என்றே சொன்னாலும் கிளீசன் எண் எத்தனை என்று கேளுங்கள். அது 6 முதல் 10 வரை போகும். 6 ஆனால், அறுக்காமல் கவனித்து வருவதே போதும் என்று டாக்டர் சொல்வதும் உண்டு. நீர் பாதி கேட்டு மறந்ததை அவள் முழுதாகக் கேட்டு வைத்திருப்பாள்.

வஸ்ஸலாம்.