இணைப்பின் விலை

2024 ஏப்ரலில் டப்ளினிலுள்ள சர்வதேச ஐரோப்பிய விவகார நிறுவகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஜோன் ஃபிட்ஸ்ஜெரால்ட், எட்கர் மோர்கன்ரொத் என்ற இரு பொருளியலாளர்கள் எழுதியது. வட அயர்லாந்தும் அயர்லாந்துக் குடியரசும் ஒரே நாடானால் வருடமொன்றுக்கு 8 பில்லியன் யூரோவிலிருந்து 20 பில்லியன் யூரோ வரை, இருபது வருடங்களுக்குச் செலவாகும் என்பது அவர்களின் கணக்கு. இது ஊதிப்பெருப்பித்த கணக்கு, பிரித்தானியாவின் கடனிலும் இராணுவச் செலவிலும் வடக்கின் தலையில் எழுதப்பட்டிருக்கும் பங்கைப் புதிய நாடு ஏன் சுமக்கவேண்டும் என்று டப்ளின் சிற்றி பல்கலைக்கழகத்தின் ஜோன் டொயில் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். சண்டை ஓய்ந்தபாடில்லை.

லண்டன் சமையற்கட்டுகளில் கோப்பை கழுவிக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் நாம் இதைப்பற்றிக் கதைக்கிறபோது, எம்மவரிடமிருந்து முதலில் வருவது ஏளனம்தான். "உவங்கள் என்ன, தாய்மண்ணுக்கு விலைப்பட்டியல் போடுறாங்கள்?" அயர்லாந்து எமக்குப் புதிதல்ல. 1981 இல் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்த பொபி சாண்ட்ஸின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தீவில் இன்று வரியும் ஓய்வூதியமும் வைத்தியசாலைக் காத்திருப்புப் பட்டியலும் பேசுபொருளாகிவிட்டன என்றால் சப்பென்று போய்விடுகிறது. மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தது இதற்கா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் கணக்குப் பார்ப்பது கேவலமான காரியமா? இரத்தத்துக்கு விலை பேசக்கூடாது என்று மேடையில் முழங்குகிறவர் பெரும்பாலும் அந்த விலையைக் கொடுக்கிறவர் அல்லர் என்பதை எமது தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இலட்சியத்தின் செலவு எப்போதும் கீழே இறங்கிவந்து, வேறு எங்கும் தள்ளிவிட முடியாதவனின் தலையில் நிற்கிறது. வட அயர்லாந்தில் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. தெற்கில் வைத்திய அட்டை இல்லாதவர்களில் பலர் காசு கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். பெல்பாஸ்டில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இது தேசியக் கேள்வியிலும் சிறிய கேள்வி என்று யார் சொல்ல முடியும்?

ஜெர்மனியில் இருக்கும் எமது உறவினர்களைக் கேட்டுப்பாருங்கள். 1990 ஒக்டோபர் 3 ஆம் திகதி அந்த நாடு ஒன்றானது. அதன் செலவுக்கென்று 'ஒருமைப்பாட்டு வரி' வந்தது. 1991 இல் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தொடங்கி, 1995 இல் திரும்பி வந்து, 2021 இல்தான் பெரும்பாலானவர்களுக்கு நீங்கியது. ஸ்ருட்கார்ட்டிலும் டோர்ட்முண்டிலும் பீற்சா சுட்ட எமது மாமன்மாரின் சம்பளத் துண்டிலும் அது இருந்தது. தமது நாட்டை ஒன்றாக்க முடியாதவர்கள் ஜெர்மானியரின் நாட்டை ஒன்றாக்கப் பணம் கட்டினார்கள்! எமது கதையும் வேறல்ல. வட அயர்லாந்துக்காக லண்டன் திறைசேரி வருடந்தோறும் கொடுக்கும் பத்து பில்லியன் பவுண்ஸ் அளவிலான பணத்தில் எமது சம்பளத்தில் கழிக்கப்படும் சில்லறையும் இருக்கிறது. ஆகவே கணக்குப் போடுகிறவர்களை நாம் பழிக்கப் போவதில்லை. யார் செலுத்துவது என்று முன்கூட்டியே சொல்வது ஒரு நேர்மை.

தெற்கில் இருப்பவர்களின் நிலைதான் கொஞ்சம் வேடிக்கை. 2021 டிசம்பரில் ஐரிஷ் ரைம்ஸ் நடத்திய கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையினர் ஒன்றிணைவை விரும்புவதாகச் சொன்னார்கள். அதற்காகக் கூடுதல் வரி கட்டச் சம்மதமா என்றால் இல்லை. புதிய கொடி? இல்லை. புதிய தேசிய கீதம்? அதுவும் இல்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது இதுதான். நகைப்புக்கு அப்பால் இதில் ஒரு விடயம் இருக்கிறது. வரியை மறுப்பது வறுமையினால் என்று சொல்லலாம். கொடியை மாற்றக் காசு செலவில்லை. அங்கே மறுக்கப்படுவது இடம்.

எம்முடன் வேலை செய்த கிழக்கு பெல்பாஸ்ட்காரர் ஒருவர், புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர், இதைத் தன் பாணியில் சொன்னார்: "நாங்கள் எவ்வளவு தின்போம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். வந்தால் எங்கே உட்காரவைப்பது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை." பொருளியலாளர்களின் அட்டவணையில் இல்லாத நிரல் இதுதான்.

இனித் தலைக்கணக்குக்கு வருவோம். 1918 தேர்தலில் முழு அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73 ஐ சின் ஃபெய்ன் வென்றது. தீவை ஓர் அலகாகக் கொண்டால் பெரும்பான்மை எது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1921 இல் எல்லை கீறப்பட்டபோது அல்ஸ்ரரின் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மட்டும் வெட்டி எடுக்கப்பட்டன, புரட்டஸ்தாந்துப் பெரும்பான்மை உறுதியாக நிற்கவேண்டும் என்பதற்காக. அந்த ஆறுக்குள்ளும் ஃபெர்மனா, ரைரோன் இரண்டிலும் கத்தோலிக்கர் அதிகம். தீவில் சிறுபான்மை, ஆறு மாவட்டங்களில் பெரும்பான்மை, ரைரோனில் மீண்டும் சிறுபான்மை. கோட்டை எங்கே கீறுகிறாய் என்பதிலேயே விடை எழுதப்பட்டுவிடுகிறது. 2021 குடிசன மதிப்பீட்டில் வடக்கில் கத்தோலிக்கப் பின்னணி உடையோர் 45.7 வீதம், புரட்டஸ்தாந்துப் பின்னணி உடையோர் 43.5 வீதம். நூறு வருடங்களுக்கு முன் பெரும்பான்மைக்கென்று வெட்டப்பட்ட துண்டில் இன்று ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை.

இதை வாசிக்கும்போது எமக்குக் கிழக்கு மாகாணம் ஞாபகத்துக்கு வராமல் போகாது. 2012 கணக்கெடுப்பில் அங்கே தமிழர் ஏறத்தாழ 40 வீதம், முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23. கல்லோயாத் திட்டம் தொடங்கி அந்த எண்கள் எப்படி மாற்றப்பட்டன என்பது தெரிந்த கதை. தெரிந்தும் அதிகம் பேசப்படாத கதை ஒன்று உண்டு. 1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இலங்கை இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. 1988 டிசம்பர் 31 க்கு முன் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, சாதாரணப் பெரும்பான்மையால் இணைப்பு நிலைப்பதா என்று தீர்மானிக்க வேண்டும் என்றது. அந்த வாக்கெடுப்பு ஒருபோதும் நடக்கவில்லை. பின்போடும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருந்தது. வருடா வருடம் பின்போடப்பட்டது. 2006 ஒக்டோபர் 16 இல் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 இல் இரண்டு மாகாணங்கள்.

பதினெட்டு வருடங்கள் யாரும் ஏன் எண்ணவில்லை? கொழும்புக்கு எண்ணாமல் இருப்பது வசதி. எமது அரசியலுக்கோ எண்ணுவதில் பயம். கிழக்கில் மூன்றிலொரு பங்காக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்துபோனார்கள். வட அயர்லாந்தில் பாதிக்குக் கிட்ட இருக்கும் புரட்டஸ்தாந்தினர் முழுத்தீவில் ஏறத்தாழ எட்டிலொரு பங்காகப்போவதைப் போலத்தான் இதுவும். அப்படிச் சுருங்கப்போகிறவனிடம் முதலில் போய்ப் பேசவேண்டும். பேச்சுக்குப் பதிலாக வந்தது 1990. அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதற்குப் பிறகு 'தாயகத்தின் ஒருமை' என்ற சொல்லை ஒரு காத்தான்குடிக்காரர் எந்தக் காதால் கேட்பார்?

சரி, சுருங்கப்போகிறவன் சம்மதிக்கும்வரை காத்திருப்பதா? இங்கேதான் எமக்குள் வாதம் சூடுபிடிக்கிறது. வட அயர்லாந்தின் முதலாவது துணை முதலமைச்சராக இருந்த சீமஸ் மலன், தான் தேசியவாதியாக இருந்தும், ஐம்பதும் ஒன்றும் போதாது, யூனியன்வாதிகளிடையேயும் போதிய சம்மதம் வேண்டும் என்று 2019 இல் எழுதினார். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் பிரித்தானியாவோடு இருப்பதற்கு ஐம்பதும் ஒன்றும் போதுமென்றால் பிரிவதற்கு மட்டும் ஏன் போதாது? ஒருவனின் வாக்கு மற்றவனின் வாக்கைவிடக் கனமானதா? சிறுபான்மைக்குக் காப்பு என்ற பெயரில் பழைய ஆண்டான்களுக்கு நிரந்தர வீட்டோ கொடுத்த உதாரணங்கள் உலகில் குறைவில்லை. நாம் மலனோடு உடன்படவில்லை. தீர்மானத்துக்கு ஐம்பதும் ஒன்றும் போதும். ஆனால் அந்த வாக்குக்கு முன்னால் ஒரு வாக்குறுதி வேண்டும். அது பேரமாக இருக்கக்கூடாது.

1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையில் இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. வட அயர்லாந்தில் பிறந்தவர் ஐரிஷ்காரராகவோ பிரித்தானியராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். நாளை நாடு மாறினாலும் அந்த உரிமை மாறாது. எந்த அரசு ஆண்டாலும் இரு சமூகங்களுக்கும் பாரபட்சமற்று நடக்கவேண்டும். வென்றவனுக்கென்றும் தோற்றவனுக்கென்றும் தனித்தனியே எழுதப்படாத வாசகங்கள் இவை. 'நீ எமக்கு வாக்களித்தால் உனக்கு இது' என்பது சந்தைப் பேச்சு. 'நீ எதிர்த்து வாக்களித்தாலும் உனக்கு இது' என்பதுதான் ஒன்றாக வாழ நினைப்பவனின் பேச்சு. அயர்லாந்தில் இது காகிதத்திலாவது இருக்கிறது. அது சோதிக்கப்படும் நாள் இன்னும் வரவில்லை.

எமது கட்சிகளோ தேர்தலுக்குத் தேர்தல் வடக்குக் கிழக்கு இணைப்பைக் கேட்கின்றன. இணைப்பு வேண்டாம் என்கிற முஸ்லிமுக்கு, அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், காணியிலும் பாடசாலையிலும் பிரதேச செயலகத்திலும் என்ன உண்டு என்று எந்த விஞ்ஞாபனத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது? முஸ்லிம் காங்கிரசின் தலைவராக இருந்த அஷ்ரஃப் தென்கிழக்கில் தனி அலகு கேட்டபோது அதைப் பிரிவினை என்று கோபித்தவர்கள் எம்மில் இருந்தார்கள். பிரிவினை என்ற சொல்லை எம்மவர் வாயால் அடுத்தவன்மேல் எறிவதில் உள்ள விசித்திரம் அவர்களுக்கு உறைக்கவில்லை.

கல்முனையில் இதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. அங்கே சிறுபான்மை தமிழர். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்தும்படி அவர்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். முஸ்லிம் அரசியல்வாதிகள், ஊர் துண்டாடப்படும் என்று எதிர்க்கிறார்கள். 2019 ஜூனில் உண்ணாவிரதமும் நடந்தது. ஒரு நகரம், ஒரு கந்தோர், யார் கையெழுத்தில் காணி உறுதி என்ற சின்ன விடயம். ஒன்றாக இருக்கவேண்டும் என்று அங்கே சொல்கிறவர் முஸ்லிம். பிரித்துத் தா என்கிறவர் தமிழர்.