யோப்பாவின் மாடியறை



இறந்தோரை நினைத்து மன்றாடும் நவம்பர் மாதத்தில் இருக்கிறோம். பண்டமாரானில் ஏழைகளின் வீடு தேடிப் போகும் வின்சென்ட் தே பவுல் சபையினரும், எந்தச் சபையிலும் பெயர் கொடுக்காமல் சாமான் பை சுமக்கும் அன்பியத்து மக்களும் இன்று திரளாக வந்திருக்கிறீர்கள். உங்களை மனத்தில் வைத்தே திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் தியானிக்க எடுத்துக்கொண்டேன்.

யோப்பா ஒரு துறைமுக ஊர். கப்பலையும் சரக்கையும் நம்பிப் பிழைக்கும் ஊர் எப்படியிருக்கும் என்று கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தபித்தா என்று ஒரு சீடர். நற்செயல் செய்வதும் இரக்கப்பட்டுக் கொடுப்பதுமே அவர் வாழ்க்கை. அவர் நோயுற்று இறந்துபோகிறார். உடலைக் குளிப்பாட்டி மாடியறையில் கிடத்துகிறார்கள். பக்கத்து ஊரான லித்தாவில் பேதுரு இருப்பதை அறிந்து, உடனே வரச் சொல்லி இரண்டு பேரை அனுப்புகிறார்கள். அவர் வந்து மாடியேறியதும் கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். தபித்தா உயிரோடு இருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெண்கள் இரங்கல் உரை ஆற்றவில்லை. எத்தனை பேருக்கு உதவினார் என்று கணக்குச் சொல்லவில்லை. துணியைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கு ஆடை தைக்க வேண்டுமென்றால் முதலில் அளவெடுக்க வேண்டும். தோள் எவ்வளவு அகலம், கை எவ்வளவு நீளம், போன வருடத்தைவிட உடம்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தபித்தாவின் முன் நின்று அளவு கொடுத்தவள். அந்த நேரத்தில் வீட்டுக் கதையும் பேசியிருப்பாள். அதனால்தான் அவர் போனபோது அந்த வீடு அழுகையால் நிறைந்தது.

பேதுருவையும் பாருங்கள். அவர் அந்த அழுகையை அடக்கவில்லை. அழுகையைக் கேட்டு, ஆடைகளைப் பார்த்த பிறகே எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முழந்தாளிட்டு மன்றாடுகிறார். தபித்தா உயிர்பெற்று எழுகிறார்.

இப்போது 2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா பரவியதால் ஜூன் 1இல் மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு. வேலை போனது, தினக்கூலி போனது. உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற அழைப்பு அந்த மாதக் கடைசியில் பரவியது. தலையணை உறை, பழைய பனியன், கிழிந்த துண்டு என்று கைக்கு அகப்பட்டதை மக்கள் கட்டினார்கள். ஜூலை 3இல் சிலாங்கூரின் பெரும்பகுதியில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அரிசி, சமையல் எண்ணெய், பீகூன், சார்டின் டின், மைலோ என்று கட்டிய பையை கேட்டில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினீர்கள். தமிழர் வீடு, சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நாள்களில் நீங்கள் செய்தது பெரிய காரியம். அதை ஆண்டவர் மறக்க மாட்டார்.

ஆனால் அந்த ஆண்டு பசியோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள்கள் இந்த நாட்டில் உண்டு. சிலாங்கூர்தான் அதிகம் அடிபட்டது. மருத்துவமனைக்குப் போகும் முன்பே வீட்டில் உயிர் போனவர்களும் உண்டு. உடலை மூடிக் கொடுத்தார்கள். வீட்டார் ஒருசிலர் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். முகம் பார்க்க முடியவில்லை, கட்டிப்பிடித்து அழ முடியவில்லை. எட்டாம் நாளுமில்லை, முப்பதாம் நாள் பூசையுமில்லை. சாமான் பை சுமந்து வந்த சிலரே அந்தப் பட்டியலில் சேர்ந்துபோனார்கள். நம் தபித்தாக்களுக்கு மாடியறை கிடைக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து அந்த வீட்டுக்குக் காப்பி போகும், பாய் போகும், ஆள் போகும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தோட்டங்கள் தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியபோது, துக்கத்துக்கு உரிமையோடு வருகிற அந்த அக்கம்பக்கத்தையும் இழந்தோம். அந்த இழப்பின் ஆழம் 2021இல்தான் நமக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 18இல் மழை கொட்டியது. ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் காத்துக் கிடந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கிய அன்பர்கள் வெள்ளத்தில் சிக்கியவர்களுக்காகச் சமைத்துக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் பலர் அடுத்தவர் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த இறந்தோர் படங்களும் அந்தச் சேற்றோடு போயின.

எங்கள் ஆள் எழுந்து வரவில்லையே ஃபாதர், தபித்தா மட்டும் எப்படி எழுந்தார் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. தபித்தாவும் பின்னொரு நாள் மறுபடி இறந்தார். யோப்பாவின் எல்லாச் சாவு வீட்டுக்கும் பேதுரு வரவில்லை. அந்தக் கைம்பெண்களின் கண்ணீர் ஆண்டவரின் காதில் விழுந்தது என்பதற்கும், சாவு அவருக்கு அடங்கியது என்பதற்கும் தபித்தா எழுந்தது அடையாளம். உங்கள் வீட்டாரும் கடைசி நாளில் அவர் குரல் கேட்டு எழுவார்கள் என்றே நாம் விசுவசிக்கிறோம். அதுவரை அழக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அழுதார்.

துக்கத்தில் பங்கெடுப்பது எப்படி என்று விவிலியத்தின் தோபித்து நூலில் வரும் தோபித்துவைப் பாருங்கள். அவர் பெந்தகோஸ்து விருந்துக்கு உட்கார்ந்தபோது, சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏழையை அழைத்துவர மகனை அனுப்பினார். மகனோ நம் இனத்தான் ஒருவன் சந்தையில் கொலையுண்டு கிடக்கிறான் என்ற செய்தியோடு திரும்பினான். தோபித்து தட்டைத் தொடாமலே எழுந்து போய் உடலைக் கொண்டுவந்து, சூரியன் மறைந்ததும் புதைத்தார். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் இறந்தவனைத் துக்கத்தோடு அடக்கம் செய்வதும் அவருக்கு ஒரே அறம். வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிசில் தொடங்கிய ஓசானாமும் தோழர்களும் மாணவர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் காலரா அந்த நகரத்தில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிருந்தது. ஏழையின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுவதையே அவர்கள் சபையின் முதல் வேலையாக வைத்தார்கள்.

நாம் பையைக் கொடுத்தோம். துக்கத்தில் பங்கெடுக்க அன்று சட்டம் விடவில்லை, நோய் விடவில்லை. அதில் யார்மீதும் குற்றமில்லை. ஆனால் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. கேட்பார் இல்லாமல் இத்தனை வருடமாகத் துக்கத்தைத் தனியே வைத்திருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு இப்போது அரிசி தேவைப்படாமல் இருக்கலாம். அவர்கள் பெயர் நம் உதவிப் பட்டியலிலிருந்து என்றோ எடுக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே இந்த மாதம் இரண்டிரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போங்கள். கையில் பை வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். அவசரமாக ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வரவும் வேண்டாம். இறந்தவர் பெயரைக் கேளுங்கள், எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். அவர்கள் எதையாவது எடுத்துக் காட்டினால், அது பழைய சட்டையோ கைத்தொலைபேசியில் இருக்கும் குரலோ, பொறுமையாகப் பாருங்கள், கேளுங்கள். அழுதால் கூட இருங்கள்.

வீட்டார் சம்மதித்தால் அந்தப் பெயரை எழுதி, மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு முன் என்னிடம் கொடுங்கள். அன்றைய பூசையில் ஒவ்வொரு பெயரையும் நானே வாசித்து மன்றாடுவேன். அவர் கத்தோலிக்கரா என்று கேட்க மாட்டேன்.