ஆங்கிலம் போதுமா?

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் முனைவர் பட்டத் தேர்வில் வென்றவர், பழைய நகர மன்றத்தின் முன்னுள்ள நீரூற்றில் ஏறி, அங்கு நிற்கும் வாத்து மேய்க்கும் சிறுமியின் சிலையை முத்தமிடுவது மரபு. அந்தச் சிலையை எட்டும்வரை, ஜெர்மன் மொழியை முறையாகக் கல்லாமலே ஒருவர் அந்நகரில் வாழ்ந்துவிட முடியும். இயற்கை அறிவியல் துறைகள் பலவற்றில் ஆய்வுக்கூடத்தின் பேச்சும் ஆங்கிலம், ஆய்வேடும் ஆங்கிலம். அவ்வாறிருக்க, அயல்நாட்டிலிருந்து ஆய்வு மாணவராய் வந்துள்ள நாங்கள் இந்நாட்டு மொழியைக் கற்கக் கடமைப்பட்டவர்களா?

கடமையில்லை என்போர் கூறும் காரணங்கள் அற்பமானவை அல்ல. உதவித்தொகை சில ஆண்டுகளுக்கே உண்டு. சொற்களை மனப்பாடம் செய்யும் மாலைப்பொழுது ஆய்வுக்குரிய மாலைப்பொழுது. மொழியும் எளிதன்று. பொருள் நோக்கித் திணையும் பாலும் வகுக்கும் தமிழில் வளர்ந்தவர்க்கு, கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தியும் சிறுமியும் அஃறிணைக்கு ஒப்பானவை என்பது விளங்குவதேயில்லை. (சார்பு வாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குப் போவது மட்டும் எங்களுக்குச் சொந்த ஊர்ச் சாலை போன்றது.) தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாலோ, எதிரிலிருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவ்வுவமை முற்றும் பொருந்தாது. தமிழின்றி அவர் வந்த பணி நடவாது. எங்கள் பணியோ ஜெர்மன் இன்றியே நடக்கும். தேவை இல்லாத இடத்தில்தான் கடமையைப் பற்றிய கேள்வியே எழுகிறது.

ஆங்கிலம் போதும் என்கிறபோது, யாரோடு பேசப் போதும் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். பேராசிரியரோடு பேசப் போதும். விடியுமுன் ஆய்வுக்கூடத் தரையைத் துடைத்துவிட்டுப் போகும் அம்மையாரோடு பேசப் போதாது. மாடிப்படியில் காய்கறிப் பையோடு நின்று மூச்சு வாங்கும் முதியவரோடு பேசவும் போதாது. அந்த அம்மையார் துருக்கியில் பிறந்தவராயிருக்கலாம். பேருந்து ஓட்டுநர் 2015இல் சிரியாவிலிருந்து உயிர்தப்பி வந்தவராயிருக்கலாம். அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள ஒரே பொதுமொழி, இரு சாராரும் பிழைகளோடு பேசும் ஜெர்மன்தான். ஆகவே இது விருந்தளித்த நாட்டாருக்குச் செலுத்தும் மரியாதை மட்டுமன்று. பேசத்தக்கவர் இன்னார், பேசத் தேவையற்றவர் இன்னார் என்னும் பிரிவினை அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குள் ஓசையின்றி அடங்கியிருக்கிறது. நம் ஊரிலும் ஆங்கிலம் இவ்வேலையைச் செய்வதை நாம் அறியாதவர்களா? என் அயலார் யார் என்னும் பழைய வினா, இங்கே இலக்கணப் புத்தக வடிவில் எங்கள் மேசைமேல் கிடக்கிறது.

சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோமே என்னும் வாதமும் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1961இல் துருக்கியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி வந்தோரை 'விருந்தினர் தொழிலாளர்' என்றே அழைத்தனர். போய்விடுவார்கள் என நாடும், போய்விடுவோம் என அவர்களும் எண்ணியிருந்தமையால், மொழி கற்பிப்பதில் அக்கறை குறைவாகவே இருந்தது. அரசு சட்டத்தின் வழியே ஒருங்கிணைப்பு வகுப்புகளை ஏற்படுத்தியது 2005இல்தான். அதுவரை எத்தனையோ வீடுகளில், தாயின் நோயை மருத்துவரிடம் எடுத்துரைக்கும் பாரம் பள்ளிப் பிள்ளைகள்மேல் விழுந்தது. ஆலை வேலை முடித்து வந்தவர்க்கு வகுப்புக்குப் போக உடம்பில் வலுவில்லை. எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஊர்தோறும் முதியோர் கல்விக்கூடங்கள் மாலை வகுப்புகள் நடத்துகின்றன. அங்கே சமையற்காரரும் செவிலியரும் அகதியும் ஒரே பலகையில் அமர்வர். ஆய்வேட்டின் தலைப்பை அங்கு எவரும் கேட்பதில்லை. முதல் சில வாரங்களிலேயே 'ஸீ', 'டூ' என்னும் இரு சொற்கள் வந்துவிடும். எங்கள் 'நீங்கள்', 'நீ' போன்றவையே அவை. வளர்ந்தோரிடையே 'டூ' என அழைக்கலாம் என்று முதலில் சொல்லும் உரிமை, வழக்கமாக மூத்தவருக்கே உண்டு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மாடிப்படி முதியவர் ஒருநாள் 'ஸீ'யை விட்டு 'டூ' என்றால், அவர் தந்தது இன்னதென்று, ஆங்கிலம் மட்டும் பேசி வாழ்ந்த மாணவருக்குத் தெரியவே தெரியாது.