தெரியும் என்று எப்போது சொல்லலாம்?

'எனக்குத் தெரியும்' என்று ஒரு மாணவன் கூறும்போது அவன் ஒரு செய்தியை மட்டும் கூறவில்லை. தன்னைப் பற்றி ஓர் உறுதிமொழியும் அளிக்கிறான். அந்த உறுதிமொழி மெய்தானா என்பது சத்தியத்தைச் சார்ந்த கேள்வி. நூல்கள் அலமாரியில் இருந்த காலத்தில் இதற்கு விடை காண்பது எளிதாக இருந்தது. அலமாரியில் இருப்பது வேறு, அறிவில் இருப்பது வேறு என்பது கண்ணுக்கே புலனாயிற்று. எழுந்து சென்று, நூலை எடுத்து, தூசி தட்டி, பக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. இன்று செல்பேசியில் இரண்டு சொற்களைத் தட்டினால் விடை வந்து நிற்கிறது. தேடிக் கண்டதற்கும் அறிந்ததற்கும் இடையே இருந்த அந்தச் சில அடி தூரம் மறைந்துவிட்டது. எனவே கேள்வி கடினமாகிவிட்டது.

இணையம் மாணவனுக்கு அளித்துள்ள நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறத்தலாகும். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை யாவர்க்கும் இலவசமாக இணையத்தில் வெளியிடப் போவதாக அறிவித்தது. விக்கிபீடியா தோன்றியதும் அதே ஆண்டில்தான். 2003-இல் நம் நாட்டின் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 'என்.பி.டி.இ.எல்.' என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. கான்பூரிலோ கரக்பூரிலோ ஒரு பேராசிரியரின் விரிவுரையைக் கேட்பதற்கு முன்பு கடுமையான நுழைவுத் தேர்வைக் கடக்க வேண்டும். இன்று அதே விரிவுரையைச் சிற்றூரில் இருப்பவரும் கேட்கலாம். வகுப்பறையின் சுவர் விலகியது பெரும் அறச்செயல் என்றே கூறலாம்.

இதிலிருந்து ஒரு கொள்கையும் பிறந்தது. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்னும் இரு கல்வியாளர்கள் 2008-இல் ஒரு பாடத்தை நடத்தினர். மனிடோபா பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 பேர். இணையத்தின் வழியே இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேற்பட்டோர். மாணவர்கள் ஒருவர்க்கொருவர் எழுதியும் விவாதித்தும் கற்றனர். அறிவு என்பது தனி மனிதனின் தலைக்குள் மட்டும் இல்லை, மனிதர்களையும் நூல்களையும் கருவிகளையும் இணைக்கும் வலைப்பின்னலில் இருக்கிறது என்பது இவர்கள் கருத்து. இப்போது எவ்வளவு தெரியும் என்பதைவிட மேலும் அறிந்துகொள்ளும் திறனே முக்கியம் என்பார் சீமன்ஸ்.

நம் சாஸ்திர மரபில் இதைப் பூர்வபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பிறகே சித்தாந்தம் கூற வேண்டும் என்பது மரபு. இந்தப் பூர்வபட்சத்தில் வலிமை உண்டு. நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டதே. சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நாம் அளந்து பார்க்கவில்லை; நம் பிறந்த நாளைக்கூடப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம். நியாய தரிசனம் சப்தத்தை, அதாவது சொல்லை, ஒரு தனிப் பிரமாணமாக ஏற்றது இதனால்தான். ஆனால் எல்லாருடைய சொல்லும் பிரமாணம் ஆகாது. ஆப்தருடைய சொல்லே பிரமாணம் என்றார் கௌதமர். ஆப்தர் யார்? உரையாசிரியரான வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதிகளைக் கூறுகிறார். ஒன்று, பொருளை நேரே கண்டறிந்திருத்தல். மற்றொன்று, கண்டதைக் கண்டவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பம். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் அவர் துணிந்து எழுதினார்.

இணையத்தில் கற்கும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பது அரிது. யூ-டியூபில் பாடம் நடத்தும் முகமறியா ஆசிரியர் ஆப்தராக இருக்கலாம். வேறு மாநிலத்து மாணவன் ஒருவன் வாட்ஸ்அப் குழுவில் எழுதும் நான்கு வரிகளும் ஆப்த வாக்கியமாக இருக்கலாம். பட்டமும் குலமும் தேசமும் இங்கே கேட்கப்படுவதில்லை. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதும் வாத்ஸ்யாயனரின் பட்டியலில் இல்லை!

2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். இவை மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றில் சொற்கள் ஒன்றையொன்று தொடரும் பாங்கைப் பயின்று, அதற்கேற்பப் புதிய வாக்கியங்களை அமைக்கின்றன. அவ்வாக்கியங்கள் பல வேளைகளில் சரியாகவே இருக்கின்றன. மனிதருள் ஆப்தர் எழுதியவையும் அவற்றின் மூலத்தில் உள்ளன அல்லவா? எனினும் அக்கருவி பொருளைக் கண்டதில்லை. கண்டதைக் கண்டவாறே உரைக்க வேண்டும் என்ற விருப்பமும் அதற்கு இல்லை; தவறான விடையையும் அதே தெளிவான நடையில் தருகிறது. ஆகவே அதன் சொல் நாம் விசாரிக்க வேண்டிய ஒரு குறிப்பு. அதற்குமேல் அதற்கு மதிப்பளிப்பது மாணவனுடைய அறியாமையே அன்றிக் கருவியின் குற்றம் ஆகாது.

இனி, சொன்னவர் ஆப்தரே என்று வைத்துக்கொண்டாலும், கேட்ட மாணவனுக்குத் 'தெரியும்' என்று ஆகிவிடுமா? சத்தீஸ்கரில் ஒரு சிறிய கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்ப்போம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பற்றி அவள் நல்ல விரிவுரைகளைக் கேட்டாள், விக்கிபீடியாக் கட்டுரையைப் படித்தாள், குறிப்பும் எடுத்தாள். விதியைப் பிழையின்றி எழுதவும் செய்வாள். கோடைக்காலம். பள்ளியில் படிக்கும் தம்பி கேட்கிறான்: "அக்கா, பிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்தால் இந்த அறை குளிர்ந்துவிடுமா?" அவள் கை செல்பேசியை நோக்கிச் செல்கிறது. விதி தெரிந்தவளுக்கு ஏன் செல்பேசி வேண்டும்?

அவள் பொய் சொல்லவில்லை. தெரியும் என்றே உண்மையாக எண்ணியிருந்தாள். இந்த மயக்கம் எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சில கேள்விகளுக்கு இணையத்தில் விளக்கம் தேடியவர்கள், தாங்கள் தேடவே செய்யாத வேறு பொருள்களையும் தங்களால் விளக்க முடியும் என்று மிகைப்பட மதிப்பிட்டனர். தேடும் வசதியைத் தம் அறிவோடு சேர்த்து எண்ணிக்கொண்டனர். அதற்கு முன்பே, 2006-இல், ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதியினர் பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றவர்கள் ஒருமுறை படித்த பின், ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். ஆனால் 'நன்றாக நினைவில் இருக்கும்' என்ற நம்பிக்கை மீண்டும் மீண்டும் படித்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது! ஒரே காணொளியை மூன்று முறை பார்க்கும் மாணவனின் மனநிறைவும் இத்தகையதே.

யாக்ஞவல்க்கியர் மைத்ரேயிக்குச் சிரவணத்தோடு நிறுத்தாமல் மனனத்தையும் நிதித்யாசனத்தையும் உபதேசித்தார். அது ஆத்ம வித்தை பற்றியது. இயற்பியலுக்கு அப்படியே பொருத்துவது மிகையாகலாம். கேட்டது சிந்தனையில் கடையப்படாத வரை அது கேட்டவனுடையது ஆவதில்லை என்ற அளவில் பொருந்தும். நமக்கு இன்னும் அருகில் இருப்பவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் கல்வியைக் கணக்கிட்டே பங்கு பிரித்தார். ஆசிரியர் கூறியதை நன்கு உள்வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது. விரிவுரைத் தளங்கள் முதற் காலைத் தாராளமாகத் தருகின்றன. சமூக ஊடகங்கள், வீண்பேச்சுக்கு இடம் தராதவனுக்கு, இரண்டாம் காலைத் தருகின்றன. அரைப் பங்கை எந்தத் தளமும் தர இயலாது. விளக்கும் வேலையையும் கருவியிடமே ஒப்படைத்துவிட்டால், மாணவன் இழப்பது அந்த அரையைத்தான்.

அந்த மாணவி செல்பேசியை எடுக்கத்தான் செய்கிறாள். ஆனால் விடையைத் தேடவில்லை. தன் வகுப்புக் குழுவில், தனக்குத் தோன்றிய விளக்கத்தைத் தன் சொற்களிலேயே எழுதுகிறாள்: 'பெட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தைப் பின்புறம் வெளியே விடுகிறது. எடுத்ததும் விட்டதும் ஒன்றே. ஆகவே அறை குளிரவும் செய்யாது, சூடாகவும் ஆகாது.' சற்று நேரத்தில், அசாமிலிருந்து வந்து உடன் பயிலும் மாணவன் ஒருவன் ஒரே ஒரு வரி எழுதுகிறான்: 'அப்படியானால் பெட்டியை இயக்கிய மின்சாரம் எங்கே போயிற்று?' அவள் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து முதலிலிருந்து கணக்கிடத் தொடங்குகிறாள். தம்பி அருகில் வந்து அமர்கிறான்.