உடை உரைப்பது எதனை?

உடுத்தும் உடை உரைப்பது பிறந்த ஊரையா, பிறர் விதித்த படியையா?

மறுமலர்ச்சிக் கால வெனிசு நகரில், 1590-இல், செசாரே வெசெல்லியோ பல நாட்டு உடைகளை 400-க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களாக வெளியிட்டார். சீமாட்டிக்கொரு கோலம், உழவர் மகளுக்கொரு கோலம், கைம்பெண்ணுக்கொரு கோலம்! ஊரடையாளத்தோடு உயர்வு தாழ்வும் அச்சேறிற்று. ஆயினும் அவரே தடுமாறுகிறார்: விலைமகளிர் மணமான மாதரைப்போல் உடுத்துவதால் காண்போர் ஏமாறுவராம். சட்டத்துக்கும் அடங்காத தையலூசி!

நூரன்பெர்க்கில் 1577-இல் ஹான்ஸ் வைகல் வெளியிட்ட உடைநூலின் முகப்பிலோ, பிற கண்டத்தார் தத்தம் கோலத்தில் நிற்க, ஐரோப்பியன் மட்டும் ஆடையின்றித் துணியைச் சுமந்து நிற்கிறான். நாளொரு பாணி நாடுவோனுக்கு எவ்வுடையை வரைவது? கேலி அவன்மீதுதான். ஆனால், மாறுவோன் அவன் ஒருவனே, மற்றவர் என்றும் மாறாதவர் என்னும் செருக்கும் அக்கேலிக்குள் ஒளிந்திருக்கிறது.